சனிக்கிழமை கிளம்பினால் எல்லாம் திறந்திருக்கும்

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் ஒரு பதிலின் கடைசியில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்கள் மீன் வறுவலுக்கு மட்டும் வண்டியை நிறுத்தாமல், வழியில் இருக்கும் சின்னச் சின்ன மியூசியங்களுக்கும் நிறுத்தலாமே என்று எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களே இந்த இதழை நிரப்பிவிட்டன. அரசு அருங்காட்சியகங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவளிடம் இந்தப் பேச்சை எடுத்தால் லேசில் முடியாது. சரி, ஆரம்பிப்போம்.

கேள்வி: கணவர், நான், பத்தாவது படிக்கும் மகள், ஆறாவது படிக்கும் மகன். சொந்தக் கார் இருக்கிறது. சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வரை நாலைந்து நாளில் போய்வர ஒரு வழி சொல்லுங்கள். நாங்கள் எங்கே போனாலும் ‘இன்று விடுமுறை’ என்ற போர்டுதான் வரவேற்கிறது.
— ஒரு வாசகி, மடிப்பாக்கம்

முதலில் அந்த போர்டைச் சமாளிப்போம். முட்டுக்காடு தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய் விடுமுறை. புதுச்சேரி அருங்காட்சியகத்துக்குத் திங்கள். தமிழ்நாடு அரசு அருங்காட்சியகங்களுக்கு வெள்ளி. மாவட்டங்களில் இருப்பவற்றுக்கு இரண்டாம் சனிக்கிழமையும் சேர்த்தி. தரங்கம்பாடி கோட்டைக்குள் இருக்கும் மியூசியம் தொல்லியல் துறையுடையது, அதற்கும் வெள்ளிதான். ஆளுக்கொரு நாள் வைத்திருக்கிறார்கள். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் சனிக்கிழமை காலையில் கிளம்புவது நல்ல வழி. அது இரண்டாம் சனியாக இருந்தாலும் பரவாயில்லை, அன்றைக்கு நீங்கள் பார்க்கப் போவது தட்சிணசித்ராவைத்தான். நடுவில் தேசிய விடுமுறை எதுவும் வராமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மதிய இடைவேளை என்று ஒன்றும் உண்டு. ஒரு மணிக்குப் போய் நின்றால் காவலாளி சாப்பாட்டு டப்பாவோடு உங்களைப் பார்ப்பார், நீங்கள் அவரைப் பார்ப்பீர்கள்.

தட்சிணசித்ரா 1996இல் திறந்தது. சின்ன மியூசியம் என்று சொல்ல முடியாது, ஆனால் பயணத்தை அங்கே தொடங்குவதில் ஒரு லாபம் இருக்கிறது. செட்டிநாட்டு வீடு, அக்ரஹாரத்து வீடு, கேரளத்து மர வீடு, ஆந்திரக் கடற்கரையின் வட்ட வீடு என்று தென்னாட்டு வீடுகளைப் பிரித்து எடுத்துவந்து மறுபடி கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். திண்ணை, முற்றம், உத்தரம், ஓடு எல்லாம் பிள்ளைகள் கண்ணுக்குப் பழகிவிடும். பின்னால் தரங்கம்பாடியில் ஒரு பழைய வீட்டுக்குள் நுழையும்போது எதைப் பார்ப்பது என்று திகைக்க மாட்டார்கள்.

மாமல்லபுரம் நீங்கள் பல முறை பார்த்த ஊராகத்தான் இருக்கும். ஆனால் கலங்கரை விளக்கத்துப் பக்கம் ஏறியதுண்டா? புது விளக்கம் வருவதற்கு முன்னால், பக்கத்துப் பாறை மேல் இருக்கும் பல்லவர் கோயிலின் தலையிலேயே விளக்கை ஏற்றிக் கப்பல்களுக்கு வழி காட்டியிருக்கிறார்கள். கலங்கரை விளக்கங்களைப் பற்றிய சிறு காட்சியகமும் அங்கே உண்டு. பிறகு கல்பாக்கத்தை ஒட்டிய சதுரங்கப்பட்டினம். அது மியூசியம் இல்லை, டச்சுக்காரர்களின் செங்கல் கோட்டை. உள்ளே ஒரு சின்ன இடுகாடு. கல்லறைப் பலகைகளில் குடும்பச் சின்னமும் பூவேலையும் எழுத்தும் புடைப்பாகச் செதுக்கியிருப்பதை மாலை வெயில் சாய்வாக விழும்போது பாருங்கள், எழுத்து தானாக எழுந்து நிற்கும். உச்சி வெயிலில் ஒன்றும் தெரியாது. இரவு புதுச்சேரி.

ஞாயிறு முழுக்க அங்கேயே. மியூசியத்தில் பக்கத்து அரிக்கமேட்டில் அகழ்ந்தெடுத்த பொருள்கள், சோழர் செப்புத் திருமேனிகள், பிரெஞ்சுக்காரர் வீட்டு மேஜை நாற்காலிகள், ஆள் தள்ளிப்போகும் பழைய வண்டி. பிரெஞ்சு கவர்னர் டூப்ளே படுத்த கட்டில் என்று ஒன்றைக் காட்டுவார்கள். காட்டட்டும். ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் பாரதியார் இருந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது. 1908இல் புதுவைக்கு வந்தவர் பத்து வருடம் பிரெஞ்சு எல்லையைத் தாண்டவில்லை. 1918 நவம்பரில் தாண்டினார், உடனே பிரிட்டிஷ் போலீஸ் பிடித்துக் கடலூர் சிறையில் வைத்தது. மறுநாள் காலையில் நீங்களும் அதே பக்கமாகத்தான் போவீர்கள், காரில் முக்கால் மணி நேரம். மகள் பத்தாவது என்கிறீர்கள், வழியில் சொல்லிக்கொண்டு போங்கள்.

திங்கள் காலை கடலூர் மஞ்சக்குப்பம் அரசு அருங்காட்சியகம். ஒரு மணி நேரம் போதும். சிதம்பரத்தில் சாப்பாடு, சீர்காழி வழியாகப் பூம்புகார். அதைப் பற்றித் தனியாக ஒருவர் கேட்டிருக்கிறார், கீழே வரும். செவ்வாய் முழு நாளும் தரங்கம்பாடிக்குக் கொடுங்கள். புதன் காலை காரைக்கால் வழியாக நாகப்பட்டினம், மதியத்துக்கு மேல் திரும்பலாம்.

ஒரு நாளைக்கு இரண்டுக்கு மேல் வைக்காதீர்கள். மூன்றாவது மியூசியத்தில் யாருக்கும் கண் வேலை செய்வதில்லை, காப்பாட்சியருக்கே செய்யாது.

கேள்வி: இத்தனை ஊர் சுற்றுவதற்கு எழும்பூர் மியூசியம் ஒன்று போதாதா? நல்ல பொருள் எல்லாம் அங்கேதானே இருக்கிறது?
— வாசகர், அம்பத்தூர்

நல்ல பொருள் அங்கேதான் இருக்கிறது. மறுக்கவில்லை. நாகப்பட்டினத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ராஜராஜன் காலத்தில் சுமத்ராவின் ஸ்ரீவிஜய மன்னர் அங்கே சூடாமணி விகாரம் என்ற புத்த மடத்தைக் கட்டினார். ஊரில் கடைசி வரை நின்ற பழைய கோபுரம் ஒன்றை 1867இல் பாதிரிமார் அனுமதி வாங்கி இடித்தார்கள். 1856 தொடங்கி அந்த ஊர் மண்ணில் தோண்டத் தோண்டப் புத்தர் செப்புத் திருமேனிகள் கிடைத்தன, ஏறத்தாழ 350. பெரும்பகுதி எழும்பூருக்கு வந்தது, மிச்சம் உலகம் பூராவும் பிரிந்து போனது. விகாரத்துக்கு ஆனைமங்கலம் கிராமத்தைக் கொடுத்த செப்பேடுகள் 1862இல் ஹாலந்தின் லைடன் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. தரங்கம்பாடியும் அப்படித்தான். 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கர் டென்மார்க் அரசருக்குப் பொன் ஏட்டில் எழுதியனுப்பிய கடிதம் கோபன்ஹேகனில் இருக்கிறது.

அப்படியானால் நாகப்பட்டினத்துக்கும் தரங்கம்பாடிக்கும் எதற்குப் போவது? எழும்பூரில் கண்ணாடிக்குள் நாற்பது புத்தர்களை ஒன்றாகப் பார்க்கும்போது ‘ஆகா, என்ன அழகு’ என்று நகர்ந்துவிடுவோம். நாகப்பட்டினத்துத் தெருவில் நின்றால்தான் வேறு ஒரு கேள்வி வரும்: இவ்வளவு ஏன் புதைத்தார்கள்? யாருக்குப் பயந்து? துறைமுகம் இங்கே என்றால் விகாரம் எத்தனை தூரம்? சுமத்ராவிலிருந்து வந்து இறங்கியவன் முதலில் எதைப் பார்த்திருப்பான்? பொருளைப் பார்க்கப் பெரிய மியூசியம், அது புறப்பட்ட மண்ணைப் பார்க்கச் சின்ன மியூசியம். என் சொந்த யோசனை, நாகப்பட்டினம் போய்விட்டு வந்து, ஒரு வாரத்துக்குள் எழும்பூர் செப்புத் திருமேனிக் கூடத்துக்குப் போங்கள். வரிசையை மாற்றினால் அந்த ருசி இல்லை.

கேள்வி: அரிக்கமேட்டில் ரோமானியர் கட்டிய செங்கல் தூண்கள் முன்னால் நின்று எடுத்த எங்கள் படத்தை இணைத்திருக்கிறோம். பிரசுரிக்க முடியுமா?
— நண்பர்கள் குழு, விழுப்புரம்

படம் நன்றாக இருக்கிறது. ஆனால் உங்கள் பின்னால் நிற்பது ரோமானியர் கட்டியதில்லை, 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரிமார் கட்டிய கட்டடத்தின் மிச்சம். வருத்தப்படாதீர்கள், அங்கே போகிற பாதிப் பேர் அதைத்தான் ரோமாபுரி என்று நினைத்துப் படம் எடுக்கிறார்கள். எழுதி வைக்க ஒரு பலகைகூடவா கிடைக்கவில்லை என்று நானும் பொருமுவதுண்டு.

1945இல் தொல்லியல் அறிஞர் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த குழிகள் எல்லாம் எப்போதோ மூடியாகிவிட்டது. மேட்டில் இப்போது மாமரமும் தென்னையும் ஆற்றங்கரையும்தான். கதை என்னவோ ஒரு மியூசியத்தில்தான் ஆரம்பிக்கிறது. 1944இல் வீலர் சென்னை மியூசியத்துக்கு வந்தபோது, புதுச்சேரிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மண்ஜாடியின் துண்டைப் பார்த்திருக்கிறார். ஒயின் ஏற்றிவரும் ரோமானிய ஆம்போரா! அந்தத் துண்டைப் பிடித்துக்கொண்டுதான் அடுத்த வருடம் அரிக்கமேட்டுக்குப் போனார். அவருக்கு முன்பே, 1930களில், பிரெஞ்சுப் பேராசிரியர் ழுவோ-துப்ரேய் அங்கே கிடைத்த மணிகளைப் பார்த்துவிட்டு இது சாதாரண இடமில்லை என்று சொல்லியிருந்தார்.

ஆகவே அரிக்கமேட்டுக்கு முதலில் போகாதீர்கள். புதுச்சேரி மியூசியத்துக்குப் போய், ஆம்போராத் துண்டுகளைப் பாருங்கள். இரண்டு காது, கூரான அடி. தரையில் நிற்காத ஜாடியை ஏன் செய்தான் என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். கப்பலின் அடித்தட்டில் ஒன்றின் இடுக்கில் ஒன்றைச் செருகி அடுக்குவதற்கு. பக்கத்திலேயே உட்புறம் வட்டவட்டமாகப் புள்ளி வரிசை போட்ட வழுவழுப்பான தட்டுத் துண்டுகள் இருக்கும். அதை வீலர் வெளிநாட்டுச் சரக்கு என்று நினைத்தார். பிறகு மண்ணை ஆராய்ந்தவர்கள் அது இந்தியாவிலேயே செய்தது என்று சொல்லிவிட்டார்கள். அப்புறம் மணிகள். கண்ணாடியைக் காய்ச்சிக் குழாயாக இழுத்து, நறுக்கி, முனை மழுக்கிச் செய்த கடுகளவு மணிகள். சிவப்பு, பச்சை, மஞ்சள், கறுப்பு. இந்த மாதிரி மணி கிழக்கே தென்கிழக்காசியா வரை கிடைக்கிறது. ஊர்க்காரர்களுக்கு ரோமானிய மதுவை வாங்குவது மட்டும் வேலை இல்லை, இங்கே பட்டறையே வைத்து ஏற்றுமதி செய்திருக்கிறார்கள். ரோமானியரைப் பற்றி நாம் இவ்வளவு பேசுகிறோம், மணி செய்தவரைப் பற்றிப் பேசுவதில்லை.

இதையெல்லாம் பார்த்துவிட்டு சாயங்காலம் அரியாங்குப்பம் ஆற்றங்கரைக்குப் போய் நில்லுங்கள். மழை பெய்த மறுநாள் மண்ணில் மணி தட்டுப்படும். எடுத்துப் பாக்கெட்டில் போடாதீர்கள். அது பாதுகாக்கப்பட்ட இடம், சட்டப்படி குற்றம்.

கேள்வி: பூம்புகார் போய் ஏமாந்துவிட்டோம். கோவலன், மாதவி காலத்துப் பொருள் ஒன்றுகூட இல்லையே?
— வாசகி, திருச்சி

நீங்கள் போனது சிலப்பதிகாரக் கலைக்கூடம். அது 1973இல் திறந்தது. காப்பியக் கதையைக் கல்லில் வரிசையாகச் செதுக்கி வைத்த இடம். பழம்பொருள் அங்கே எதிர்பார்க்கக் கூடாது. கதை தெரிந்தவர்களுக்கு அது ஒரு நல்ல நடை. தெரியாத பிள்ளைகளைக் கூட்டிப்போனால் முந்தின நாள் இரவே கதையைச் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் ‘இந்த ஆன்ட்டி ஏன் சிலம்பைத் தூக்கிக்கொண்டு கோபமாக நிற்கிறார்’ என்று கேட்கும்.

பழம்பொருள் வேண்டுமென்றால் அதே ஊரில் தொல்லியல் துறையின் ஆழ்கடல் அகழ்வைப்பகம் இருக்கிறது. அதைவிட முக்கியமாக, வண்டியை எடுத்துக்கொண்டு கீழையூருக்குப் போங்கள். 1960களில் மத்திய தொல்லியல் துறை அங்கே ஒரு செங்கல் படகுத்துறையைக் கண்டெடுத்தது. படகு கட்ட நட்டிருந்த மரத் தறியும் கிடைத்தது, கி.மு. 3ஆம் நூற்றாண்டை ஒட்டியது என்று கணித்திருக்கிறார்கள். பல்லவனீச்சரத்தில் புத்த விகாரமும், புத்தர் பாதம் பொறித்த கல்லும் வெளிவந்தன. பார்க்கும்போது அது வெறும் செங்கல் வரிசைதான். கோவலன் வீட்டு வாசல் என்று எவரும் உங்களுக்கு எழுதிக் கொடுக்க மாட்டார்கள். ஆனால் காவிரி ஒரு காலத்தில் இந்தப் பக்கம் ஓடியிருக்கிறது, படகு இங்கே வந்து அணைந்திருக்கிறது என்று செங்கல்லே சொல்கிறது. இன்றைக்குச் சுற்றிலும் வயலும் வீடும்.

இன்னொன்று. பூம்புகார்க் கடலில் கோவா கடலாய்வு நிறுவனத்தார் முங்கித் தேடியபோது ஒரு கப்பலின் சிதைவைக் கண்டார்கள். உள்ளே கட்டி கட்டியாக ஈயம். எல்லோரும் சங்ககாலக் கனவில் இருக்க, கட்டியைக் கழுவிப் பார்த்தால் ‘டபிள்யூ. பிளாக்கெட்’ என்று ஆங்கிலத்தில் முத்திரை, 1791, 1792 என்று வருடம்! வட இங்கிலாந்துச் சுரங்கத்து ஈயம். காவிரிப்பூம்பட்டினத்து வாசலில் ஒரு ஆங்கிலேயச் சரக்குக் கப்பல் மூழ்கிக் கிடந்திருக்கிறது. இந்தக் கரையில் எந்தக் காலத்தைத் தேடிப் போனாலும் இன்னொரு காலம் குறுக்கே வந்து நிற்கும்.

கேள்வி: தரங்கம்பாடிக்கு முழு நாள் எதற்கு? கோட்டை அரை மணி நேர வேலைதானே?
— வாசகர், மயிலாடுதுறை

பக்கத்து ஊர்க்காரர் நீங்களே இப்படிக் கேட்கலாமா!

கோட்டை அரை மணி நேர வேலைதான், செல்பி எடுக்கிறவர்களுக்கு. டேனிஷ்காரர்கள் 1620இல் கட்டத் தொடங்கியது. 1845இல் வங்காளத்துச் செராம்பூரோடு சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். மேல்தளத்தில் மியூசியம். பீங்கான் துண்டு, காசு, வாள், பழைய பத்திர நகல்கள், திமிங்கில எலும்பு எல்லாம் ஒரே மூச்சில் அடுக்கியிருக்கும். அந்தக் காசுகளிடம் கொஞ்சம் நில்லுங்கள். இந்த ஊரிலேயே அடித்த டேனிஷ் காசுகள், சில ஈயத்தில், சில செம்பில். நகத்தளவுதான் இருக்கும். ஒரு பக்கம் டென்மார்க் அரசரின் பெயரெழுத்துகள் பின்னிக்கொண்டு, மேலே சின்னக் கிரீடம். தேய்ந்து போனதில் கிரீடம் மூன்று புள்ளியாக மட்டும் தெரியும். உப்பு, புளி வாங்கக் கை மாறிக் கை மாறித் தேய்ந்த காசு. தங்க நாணயத்துக்கு இந்த வாழ்க்கை கிடையாது. கீழ்த்தளத்து அறைகள் கிடங்கும் சிறையுமாக இருந்தவை. குனிந்து போக வேண்டும்.

கோட்டையிலிருந்து வெளியே வந்து ஊருக்குள் நடங்கள். 1706 ஜூலையில் இங்கே இறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு தமிழ் படித்து, அச்சுக்கூடம் வைத்து, புதிய ஏற்பாட்டை 1715க்குள் தமிழில் அச்சிட்டு முடித்தார். ஜெர்மனியில் ஹாலேயிலிருந்து வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் பெரிதாக இருந்தன. காகிதத்துக்கோ பஞ்சம். அதனால் இங்கேயே சின்ன எழுத்து வார்த்தார்கள். அதற்கு ஈயம் எங்கே? இங்கிலாந்திலிருந்து வந்த சீஸைச் சுற்றியிருந்த ஈயத் தகட்டை உருக்கினார்கள் என்று ஒரு கதை வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். காகிதத்துக்காகப் பொறையாரில் ஆலையே வைத்தார்கள். அவர் வாழ்ந்த வீட்டை 2017இல் மியூசியமாகத் திறந்திருக்கிறார்கள். இந்தக் கரையில் விளக்கக் குறிப்புகளை நிதானமாக எழுதி வைத்த இடங்களில் அதுவும் ஒன்று. 1718இல் அவர் கட்டிய புதிய எருசலேம் தேவாலயமும் அங்கேயே, நடக்கிற தூரம். கடல்சார் மியூசியம் என்று இன்னொன்றும் உண்டு, மீனவர்களின் படகும் வலையும் சாமானும். அதை விட்டுவிடாதீர்கள். மற்ற மியூசியங்கள் எல்லாம் கப்பலில் வந்தவனைப் பற்றியே பேசும், இது கரையில் இருந்தவனைப் பற்றிப் பேசும்.

கடைசியாக மாசிலாமணிநாதர் கோயில். பாண்டியன் குலசேகரன் காலத்தது. கடல் பாதியைத் தின்றுவிட்டது. இப்போது கணக்குப் போடுங்கள், அரை மணி நேரமா முழு நாளா?

கேள்வி: எந்த மியூசியத்துக்குப் போனாலும் ‘நடராஜர், சோழர் காலம், 12ஆம் நூற்றாண்டு’ என்று ஒற்றை வரிதான். இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?
— வாசகர், கும்பகோணம்

நியாயமான எரிச்சல். உள்ளே இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், அந்தப் பலகையில் நீங்கள் தேட வேண்டியது நூற்றாண்டை இல்லை, ஊர்ப் பெயரை. எங்கே கிடைத்தது என்று கீழே சின்னதாக இருக்கும், வட்டம், மாவட்டத்தோடு. அதுதான் விலாசம்.

மாவட்ட அருங்காட்சியகத்துத் திருமேனிகளில் நிறைய, வீட்டு வேலைக்கோ வயல் வேலைக்கோ தோண்டும்போது கிடைத்தவை. 1878ஆம் வருடத்துப் புதையல் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குச் சொல்ல வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. கிராம நிர்வாக அலுவலர், தாசில்தார், கலெக்டர் என்று காகிதம் ஏறி, கடைசியில் மியூசியத்துக்கு வரும். ஆகவே ஒரு திருமேனியைப் பார்க்கும்போது முகத்தை மட்டும் பார்க்காதீர்கள். தோளையும் முழங்காலையும் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். பச்சைக் களிம்பு படிந்த உடம்பில் பளிச்சென்று ஒரு கீறல் தெரிந்தால், அது பெரும்பாலும் மண்வெட்டி பட்ட இடம். எத்தனையோ நூற்றாண்டுக்குப் பிறகு முதன்முதலாக மனிதக் கை பட்டது அங்கேதான். பீடத்தின் பின்பக்கம் வெள்ளைப் பெயின்டில் ஒரு எண் இருக்கும், அது பதிவேட்டு எண். அந்த எண்ணைச் சொல்லிக் காப்பாட்சியரிடம் மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள். வேலை நெருக்கடி இல்லாத நேரமாக இருந்தால், யார் தோண்டினார், கூட என்னென்ன கிடைத்தது என்று பதிவேட்டில் இருப்பதைச் சொல்வார். கேட்பதற்கு ஆள் வருவதே அபூர்வம் என்பதால் டீ வாங்கிக் கொடுத்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

கேள்வி: பையன் எல்லா இடத்திலும் ‘போர்’ என்கிறான்.
— வாசகி, தாம்பரம்

இருபது நிமிடத்துக்கு மேல் அவனை உள்ளே வைக்காதீர்கள். நுழையும்போதே, ‘இதிலே நம் வீட்டில் இருக்கிற மாதிரி ஒரு சாமானைக் கண்டுபிடி’ என்று அனுப்புங்கள். ஊசி, விளக்கு, தாயக்கட்டை, வடிகட்டி ஏதாவது ஒன்று எப்படியும் அகப்படும். கண்டுபிடித்ததை வரையச் சொல்லுங்கள், போனில் படம் பிடித்தால் கணக்கில் சேராது. பிறகு ஐஸ்கிரீம். நீங்கள் மட்டும் திரும்பப் போய் நிம்மதியாகப் பாருங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 74 வயது, முழங்கால் வலி. ஆனால் வரலாறு என்றால் உயிர். கூட்டிப்போகலாமா?
— வாசகர், வேளச்சேரி

தாராளமாக. தை, மாசியில் போங்கள். ஐப்பசி, கார்த்திகை புயல் காலம், சித்திரையில் கோட்டைக் கல் சுடும். தரங்கம்பாடிக் கோட்டையில் மியூசியத்துக்குப் படி ஏற வேண்டும், கைப்பிடித்துக் கூட்டிப்போங்கள். புதுச்சேரி மியூசியமும் சீகன்பால்கு வீடும் அவ்வளவு சிரமம் தராது. அரிக்கமேட்டில் கரடுமுரடான மண் தரை, அம்மா காரிலேயே இருக்கட்டும். மடக்கு நாற்காலி ஒன்று டிக்கியில் போட்டுக்கொள்ளுங்கள். கழிவறை விஷயத்தில் மியூசியங்களை நம்பாதீர்கள், வழியில் பெரிய பெட்ரோல் பங்க் பார்த்ததும் நிறுத்திவிடுங்கள். என் வேலைக்காலத்தில் ஒரு ஊரில், ஊர் பெயர் வேண்டாம், பார்வையாளர் கழிவறையின் சாவி ஆணியில் தொங்கும், அந்த ஆணி இருக்கும் அறை பூட்டியிருக்கும்.

கேள்வி: கார் இல்லாதவர்கள் என்ன செய்வது?
— மாணவர், சிதம்பரம்

புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், சீர்காழி, காரைக்கால், நாகப்பட்டினம், எல்லாம் எந்நேரமும் பஸ் ஓடுகிற வழி. தரங்கம்பாடியும் அதே சாலையில். பூம்புகாருக்குச் சீர்காழியில் மாறுங்கள். கீழையூருக்கு மட்டும் ஆட்டோ. சிதம்பரத்துக்காரருக்கு இன்னொரு துருப்புச்சீட்டு: பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்துக் காட்சியகம். அனுமதி கேட்டுவிட்டுப் போங்கள்.

கேள்வி: காரைக்காலில் தாத்தாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். சைகோனிலிருந்து கொண்டுவந்த சாமான், பிரெஞ்சுப் பத்திரங்கள், ஓலைச்சுவடி ஒரு கட்டு. மியூசியத்துக்குக் கொடுக்கலாமா?
— வாசகி, கோயம்புத்தூர்

கொடுக்கலாம், அவசரப்படாதீர்கள். முதலில் எந்தப் பொருள் யாருடையது, எந்த ஊரிலிருந்து வந்தது, எப்படி வீட்டுக்குச் சேர்ந்தது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். வியட்நாமில் பிரெஞ்சுக்காரர் ஆண்ட சைகோனில் வேலை பார்த்த காரைக்கால்காரர் வீடுகளில் இப்படிப் பெட்டிகள் நிறைய உண்டு. விவரம் தெரிந்தவர் போய்விட்டால் சாமான் வெறும் சாமான்தான். கதையோடு வரும் அலுமினியத் தூக்கை நான் வாங்கிக்கொள்வேன், கதையில்லாத வெள்ளிச் செம்புக்கு யோசிப்பேன்.

1972ஆம் வருடத்துத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருடத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளும், 75 வருடத்துக்கு மேற்பட்ட முக்கியமான கையெழுத்துப் படிகளும் தொல்பொருள் கணக்கில் வரும். சிலை, ஓவியம் மாதிரி இருந்தால் பதிவு செய்ய வேண்டும். வெளிநாட்டுக்கு அனுப்பவே கூடாது.

ஓலைக் கட்டை வெயிலில் காய வைக்காதீர்கள், தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள். உலர்ந்த துணியில் சுற்றி, புதுச்சேரி பிரெஞ்சு இன்ஸ்டிடியூட்டில் காட்டுங்கள். அங்கே இருக்கும் சைவச் சுவடித் தொகுப்பு யுனெஸ்கோ 2005இல் அங்கீகரித்தது. அவர்கள் என்ன சுவடி என்று படித்துச் சொல்வார்கள், பிறகு முடிவெடுங்கள். கொடுப்பதானால் பட்டியல் போட்டு ரசீது வாங்காமல் கொடுக்காதீர்கள். இதை மியூசியக்காரியே சொல்கிறேன்.

கேள்வி: நாகப்பட்டினத்தோடு நிறுத்திவிட்டீர்களே, கன்னியாகுமரி வரை போகக் கூடாதா?
— வாசகர், மதுரை

போகலாமே. கீழே போகப் போக மியூசியங்களுக்கு நடுவில் தூரம் கூடும், அதனால் அதைத் தனிப் பயணமாக வைத்துக்கொள்ளுங்கள். வேதாரண்யத்தில் 1930 உப்புச் சத்தியாக்கிரக நினைவிடம். மல்லிப்பட்டினத்துக்குப் பக்கத்தில் மனோரா: நெப்போலியன் வீழ்ச்சியைக் கொண்டாட இரண்டாம் சரபோஜி 1814–15இல் கட்டிய கோபுரம். வாட்டர்லூ எங்கே, மல்லிப்பட்டினம் எங்கே!

நேரம் குறைவு என்றால் ராமநாதபுரம் ராமலிங்க விலாசம் ஒன்றுக்காவது போங்கள். சேதுபதிகளின் அரண்மனை, இப்போது தொல்லியல் துறையின் கையில். சுவர் முழுக்க 18ஆம் நூற்றாண்டு ஓவியம். ராமாயணம் ஒரு பக்கம், தஞ்சை மராட்டியரோடு நடந்த போர் ஒரு பக்கம், சேதுபதியைப் பார்க்க வந்த தொப்பிக்கார வெள்ளையர் ஒரு பக்கம். கண் இருட்டுக்குப் பழகப் பத்து நிமிடம் கொடுங்கள், அதற்கு முன் எந்த முடிவுக்கும் வராதீர்கள். அங்கேயும் வெள்ளி விடுமுறை.

குமரி மாவட்டம் வரை போனால் பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்க்காமல் திரும்ப மனசு வராது. ஆனால் கவனம். நிலம் தமிழ்நாடு, அரண்மனை நிர்வாகம் கேரள அரசு. அதனால் அங்கே திங்கள் விடுமுறை. அதற்கு என்ன கிழமை கிளம்ப வேண்டும் என்பதை மதுரைக்காரர் நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.